பி.எல்.சி.யா, ஸ்டாக்ஸா? மேற்கு டெக்சாஸ் பருத்திக்காரரின் மார்ச் மாதக் கணக்கு

60 ஏக்கருக்கு வர வேண்டிய மானியத்துக்காகப் போட்ட கையெழுத்து, 500 ஏக்கர் பயிரின் காப்பீட்டைச் செல்லாமல் ஆக்கிவிடும். அமெரிக்கப் பருத்தி மானியத்தில் அதிகம் பேர் இடறி விழும் இடம் இதுதான். விதி ஒரே வரி: ஒரு பண்ணை எண்ணில் (அரசு ஏட்டில் ஒரு பண்ணைக்கு உள்ள எண்) இருக்கும் பருத்தி 'பேஸ்' ஏக்கரை, அதாவது பழைய சாகுபடி வரலாற்றை வைத்துக் குறித்த மானிய ஏக்கரை, பி.எல்.சி. போன்ற மானியத் திட்டத்தில் பதிவு செய்தால், அந்த எண்ணில் நட்ட பருத்தி ஒரு ஏக்கருக்கும் ஸ்டாக்ஸ் என்ற பயிர்க் காப்பீடு கிடையாது. பேஸ் எத்தனை ஏக்கர் என்பது பொருட்டே இல்லை.

இதை எடைபோட நல்ல இடம் டெக்சாஸின் லின் கவுண்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). லப்பக் நகரிலிருந்து 87ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் வரும் டஹோகாதான் கவுண்டித் தலைநகர். ஆறாயிரம் பேர்கூட இல்லாத கவுண்டி. மானாவாரியும் இறவையும் கலந்த நிலம். இறவைக்கு ஓகலாலா நிலத்தடி நீர், அதுவும் இறங்கிக்கொண்டே போகிறது. தெற்கே லமீசா, மேற்கே பிரவுன்ஃபீல்ட், செமினோல் என்று அந்தச் சுற்று வட்டாரம் முழுக்க இதே கணக்குதான்.

முதலில் சொற்கள். நம் ஊரில் அரசு ஆதரவு விலை அறிவித்தால், இந்தியப் பருத்திக் கழகம் களத்தில் இறங்கிப் பருத்தியைக் கொள்முதல் செய்யும். அங்கே இந்த மானியத் திட்டத்தில் அரசு ஒரு பொதிகூட வாங்குவதில்லை. சந்தை விலை ஒரு குறிப்பு விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைப் பணமாகத் தருகிறது. இதுதான் பி.எல்.சி., அதாவது விலை இழப்புக் காப்பு. இதன் உடன்பிறப்பு ஏ.ஆர்.சி., கவுண்டி வருவாய்க் காப்பு. இரண்டையும் நடத்துவது எஃப்.எஸ்.ஏ. எனப்படும் பண்ணைச் சேவை முகமை. இரண்டுக்கும் பிரீமியம் இல்லை. ஸ்டாக்ஸ் வேறு சங்கதி. அது பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் 80 சதவீதத்தை அரசு ஏற்கிறது, மீதியை விவசாயி கட்ட வேண்டும், ஏஜென்ட் மூலம் வாங்க வேண்டும்.

ஒரே பயிருக்கு ஏன் இரண்டு வழி? 2002இல் பிரேசில் அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வென்றது. அதன் விளைவாக 2014 பண்ணைச் சட்டம் பருத்தியை மானியப் பட்டியலிலிருந்து நீக்கி, ஈடாக ஸ்டாக்ஸைக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். 2018 பிப்ரவரியில் பருத்தி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. பஞ்சாக அல்ல, கொட்டை பிரிக்காத பருத்தியாக. செடியிலிருந்து எடுத்து ஜின்னிங்குக்குப் போகும் முன் இருக்கிற அந்தக் கொட்டைப்பருத்திக்குக் குறிப்பு விலை பவுண்டுக்கு 36.7 சென்ட் என்று வைத்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 42 சென்ட்டாக உயர்த்தியது. (இந்தக் கட்டுரையில் சென்ட் என்பது நிலக் கணக்கு அல்ல, டாலரில் நூறில் ஒரு பங்கு.)

42 சென்ட் என்றால் பஞ்சு விலையில் எவ்வளவு? இதைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். ஒரு பவுண்டு பஞ்சுக்குச் சுமார் 1.4 பவுண்டு கொட்டை என்று வைத்துக்கொள்வோம். சட்டமும் பஞ்சு விளைச்சலை 2.4ஆல் பெருக்கித்தான் கொட்டைப்பருத்தி விளைச்சலாக மாற்றுகிறது. பருத்திக்கொட்டை டன் 180 டாலர் என்றால் பவுண்டுக்கு 9 சென்ட். அங்கே டன் 2,000 பவுண்டு. 42ஐ 2.4ஆல் பெருக்கினால் 100.8. அதில் கொட்டையின் பங்கு 12.6 போனால் மிஞ்சுவது சுமார் 88 சென்ட். அதாவது நாட்டளவிலான பஞ்சு விலை 88 சென்ட்டைத் தொடாதவரை பி.எல்.சி. பணம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பழைய 36.7இல் இந்தக் கோடு 75 சென்ட் பக்கம் இருந்தது. பஞ்சு விலை 60 முதல் 70 சென்ட்டுக்குள் கிடந்தால் இந்த 13 சென்ட் வித்தியாசம் கணக்கையே புரட்டிப் போட்டுவிடும்.

கொட்டை விலை இதில் நுழைவது சிலருக்கு எரிச்சல். மேற்கு டெக்சாஸில் ஜின்னிங் ஆலை கொட்டையை எடுத்துக்கொண்டு அரைவைக் கூலியைக் கழித்துக்கொள்ளும். கொட்டை விலை ஏறினால் கூலி போக மிச்சம் கைக்கு வரும், ஆனால் பி.எல்.சி. குறையும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குவது போலத் தோன்றும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி இரண்டு பண்ணை எண்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 500 ஏக்கர் மானாவாரிப் பருத்தி. 'அ' எண்ணில் பருத்தி பேஸ் 450 ஏக்கர். 'ஆ' எண்ணில் 60 ஏக்கர் மட்டும். பேஸ் என்பது பழைய சாகுபடி வரலாற்றை வைத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்ட எண். இந்த ஆண்டு என்ன நட்டிருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேஸ் நிலத்தில் சோளம் போட்டாலும் பருத்தி மானியம் வரும். இரண்டு எண்களுக்கும் மானிய விளைச்சல் (மானியத்தைக் கணக்கிட ஏட்டில் உள்ள ஏக்கர் விளைச்சல்) பஞ்சில் 400 பவுண்டு என்று வைத்தால், 2.4ஆல் பெருக்கி 960 பவுண்டு கொட்டைப்பருத்தி.

சந்தை ஆண்டின் (ஆகஸ்ட் முதல் ஜூலை வரை) சராசரி பஞ்சு விலை 62 சென்ட், கொட்டை 9 சென்ட் என்றால் கொட்டைப்பருத்தி விலை சுமார் 31 சென்ட். வித்தியாசம் 11 சென்ட். 960 பவுண்டுக்கு 105.60 டாலர். பேஸில் 85 சதவீதத்துக்கு மட்டுமே பணம் என்பதால் 89.76. செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 5.7 சதவீதம் வெட்டினால் ஒரு பேஸ் ஏக்கருக்கு 84.64 டாலர் கையில். 'அ' எண்ணுக்கு மொத்தம் சுமார் 38,090 டாலர். நட்ட ஏக்கருக்குப் பிரித்தால் 76. 'ஆ' எண்ணுக்கு 5,080 டாலர். நட்ட ஏக்கருக்கு வெறும் 10.

இதே ஆண்டை ஸ்டாக்ஸ் கண்ணால் பார்ப்போம். ஸ்டாக்ஸ் பார்ப்பது கவுண்டி முழுவதன் வருவாயை, உங்கள் வயலை அல்ல. பிப்ரவரி மாதத்தில் டிசம்பர் ஃப்யூச்சர்ஸின் (டிசம்பருக்கான முன்பேர ஒப்பந்த விலையின்) சராசரியை எடுத்து எதிர்பார்ப்பு விலை ஆக்குவார்கள். அதன் அக்டோபர் மாதச் சராசரிதான் அறுவடை விலை. எதிர்பார்ப்பு விலை 68 சென்ட், மானாவாரிக்குக் கவுண்டி எதிர்பார்ப்பு விளைச்சல் 300 பவுண்டு என்றால், ஏக்கருக்கு எதிர்பார்ப்பு வருவாய் 204 டாலர். கவுண்டி வருவாய் இதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ஸ்டாக்ஸ் கண் திறக்கும். 70 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே, உங்கள் வயலுக்கென்று எடுத்த தனிக் காப்பீடு. இடையில் உள்ள 20 சதவீதம் 40.80 டாலர். காப்புத் தொகையைக் கூட்டும் 120 சதவீதப் பெருக்கியை எடுத்தால் உச்சபட்சம் 48.96.

அக்டோபரில் விலை 62 ஆகி, விளைச்சல் சரியாக 300 பவுண்டு வந்தது என்று வையுங்கள். 68இல் 62 என்பது 91.2 சதவீதம். ஸ்டாக்ஸ் ஒரு பைசா தராது, கட்டிய பிரீமியமும் போச்சு. அதே ஆண்டில் பஞ்சின் சந்தை ஆண்டு சராசரியும் 62இல் நின்றால், பி.எல்.சி. பேஸ் ஏக்கருக்கு 84 டாலருக்கு மேல் எழுதுகிறது.

காரணம் எளிது. ஸ்டாக்ஸ் ஒவ்வொரு பிப்ரவரியிலும் சந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து எண்ணத் தொடங்கும். விலை ஏற்கெனவே பள்ளத்தில் இருந்தால், பள்ளத்திலிருந்து மேலும் விழுவதற்குத்தான் காப்பு. பி.எல்.சி. 42 சென்ட் மேட்டில் நின்றுகொண்டு எண்ணுகிறது.

ஆனால் பி.எல்.சி.க்கு மழை தெரியாது. கவுண்டி விளைச்சல் 240 பவுண்டாகக் குறைந்து, விலை 64 என்றால், கவுண்டி வருவாய் 153.60. 90 சதவீதக் கோடு 183.60. வித்தியாசம் 30 டாலர், பெருக்கியோடு 36. 500 ஏக்கருக்கு 18,000 டாலர். வறட்சி முற்றினால் 48.96 வரை, அதாவது 24,480 டாலர். 2022இல் டெக்சாஸில் நட்ட பருத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கை அறுவடை செய்யாமலே விட்டார்கள். 2011உம் அப்படிப்பட்ட ஆண்டுதான். மானாவாரிக்காரருக்கு இது எப்போதோ வரும் விபத்து அல்ல.

ஆக, 'ஆ' எண்ணில் 5,080 டாலருக்காக பி.எல்.சி.யில் பதிந்தால் 24,480 டாலர் வரை போகக்கூடிய காப்பு கைவிட்டுப் போகிறது. 'அ' எண்ணில் நிலைமை தலைகீழ்: மேலே போட்ட விலையில், படுமோசமான ஆண்டில்கூட ஸ்டாக்ஸ் தருவது பி.எல்.சி.யை எட்டாது. இரண்டும் சமமாகும் இடம் 48.96ஐ 84.64ஆல் வகுத்தால் வரும்: 0.58. நட்ட ஏக்கரில் 58 சதவீதத்துக்கு மேல் பேஸ் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. ஸ்டாக்ஸ் உச்சத்தொகை எல்லா ஆண்டும் வராது, பிரீமியம் வேறு. அதனால் நடைமுறையில் இந்தக் கோட்டை இன்னும் கீழே, மூன்றில் ஒரு பங்கு பக்கத்தில் வைப்பதே எங்கள் கணிப்பு. பஞ்சு 80 சென்ட்டைத் தாண்டும் அறிகுறி தெரிந்தால் மட்டும் கோடு மேலே நகரும்.

இங்கே மூன்றாவது ஆள் ஒருவர் நுழைகிறார். எஸ்.சி.ஓ. என்ற கூடுதல் காப்பு. ஸ்டாக்ஸைப் போலவே கவுண்டி வருவாயைப் பார்க்கும், ஆனால் பி.எல்.சி.யோடு சேர்த்தே வாங்கலாம். முன்பு இதன் பிரீமியத்தில் அரசின் பங்கு 65 சதவீதம், ஸ்டாக்ஸுக்கு 80. அந்த 15 சதவீதம்தான் ஸ்டாக்ஸின் கவர்ச்சி. 2026 பயிராண்டு முதல் எஸ்.சி.ஓ.வுக்கும் 80. காப்புத் தொடங்கும் கோடு 86 சதவீதம். 2027 முதல் அதுவும் 90. இதற்கு மேல் 95 சதவீதத்திலேயே தொடங்கும் ஈ.சி.ஓ.வும் கிடைக்கிறது. ஒரே ஏக்கரில் ஸ்டாக்ஸும் இவையும் சேர்ந்து வராது.

வித்தியாசம் தொகையைக் கணக்கிடும் அடிப்படையில் இருக்கிறது. ஸ்டாக்ஸின் தொகை கவுண்டி விளைச்சலிலிருந்து வருகிறது. எஸ்.சி.ஓ.வின் தொகை உங்கள் சொந்த விளைச்சல் சராசரியிலிருந்து வருகிறது. கவுண்டி 300 பவுண்டு இருக்க, உங்கள் ஏட்டுச் சராசரி 350 என்றால் ஏக்கர் மதிப்பு 238 டாலர். தனிக் காப்பீடு 65 சதவீதம் என்றால் 86 முதல் 65 வரை உள்ள 21 சதவீதம் கிட்டத்தட்ட 50 டாலர். ஸ்டாக்ஸின் 48.96க்குச் சமம், கூடவே பி.எல்.சி. பணமும் வரும். உங்கள் சராசரி 220 என்றால் இதே 21 சதவீதம் 31 டாலர்தான். 2022 போன்ற ஆண்டுகள் ஏட்டில் ஏறிச் சராசரி சரிந்துபோன மானாவாரிக்காரருக்குத்தான் ஸ்டாக்ஸ் இன்னமும் இனிக்கும்: தன் வயலின் பழைய தோல்வியை அது பார்ப்பதில்லை. நல்ல இறவைக்காரர் எஸ்.சி.ஓ. பக்கம் போகட்டும்.

ஏ.ஆர்.சி.யைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதிய சட்டம் அதன் உத்தரவாதத்தை 90 சதவீதமாகவும் உச்சத் தொகையை அடிப்படை வருவாயில் 12 சதவீதமாகவும் ஏற்றியது. 42 சென்ட் அடிப்படையில் 12 சதவீதம் என்பது பவுண்டுக்கு 5 சென்ட். பி.எல்.சி. 11 சென்ட் கொடுக்கிற சந்தையில் 5 சென்ட் உச்சவரம்பு உள்ளதை யார் எடுப்பார்கள்? விலை 42ஐத் தாண்டி நிற்க, கவுண்டி விளைச்சல் மட்டும் விழுகிற ஆண்டுக்குத்தான் அது. 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அதைத் தானாகக் கொடுக்கச் சட்டமே சொல்லிவிட்டது. 2026 முதல் தேர்வு விவசாயியுடையது.

சந்தைக் கடனையும் (பஞ்சை ஈடுவைத்து அரசிடம் வாங்கும் கடன்) போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2026 பயிர் முதல் அடிப்படைத் தரப் பஞ்சுக்குப் பவுண்டுக்கு 55 சென்ட் கடன் கிடைக்கும், ஒன்பது மாதத் தவணை. பி.எல்.சி. எடுத்தாலும் ஸ்டாக்ஸ் எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். அவ்வப்போது வாஷிங்டன் அறிவிக்கும் அவசர உதவியும் அப்படித்தான். 2025இல் முந்தைய ஆண்டுப் பருத்திக்கு ஏக்கருக்கு 84.74 டாலர் கொடுத்தபோது நட்ட ஏக்கரைத்தான் பார்த்தார்கள், பி.எல்.சி.யா ஸ்டாக்ஸா என்று கேட்கவில்லை.

பெரிய பண்ணைக்காரருக்கு இன்னொரு கதவு. ஏ.ஆர்.சி., பி.எல்.சி. இரண்டும் சேர்த்து ஒருவருக்கு ஆண்டுக்கு 1,55,000 டாலர்தான் உச்சவரம்பு, 2025 கணக்கில். மேலே போட்ட விலையில் 1,700 முதல் 1,850 பேஸ் ஏக்கருக்குள்ளேயே அது முட்டிவிடும். நிலக்கடலைக்குத் தனி வரம்பு. கோதுமை, சோளம் எல்லாம் இதே வரம்புக்குள். காப்பீட்டு இழப்பீட்டுக்கு வரம்பே கிடையாது. ஆகவே பத்துப் பண்ணை எண் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் பி.எல்.சி.யில் பதிவது வீண். பேஸ் விகிதம் அதிகமுள்ள எண்களை வரம்பு நிரம்பும் வரை பி.எல்.சி.யில் வைத்து, மீதியை ஸ்டாக்ஸுக்கு விடலாம். தேர்வு ஆளுக்கு அல்ல, எண்ணுக்கு.

பணம் வரும் தேதியையும் பாருங்கள். பருத்திச் சந்தை ஆண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. 2026 மே மாதம் நட்ட பயிருக்கு பி.எல்.சி. பணம் 2027 அக்டோபருக்குப் பிறகுதான் வரும். விதைக்கும் டீசலுக்கும் வாங்கிய வங்கிக் கடன் அதற்கு எவ்வளவோ முன்பே முதிர்ந்துவிடும். ஸ்டாக்ஸும் எஸ்.சி.ஓ.வும்கூட உடனே வராது; கவுண்டி விளைச்சலை அறிவிக்கும்வரை, அறுவடை முடிந்து பல மாதம் காத்திருக்க வேண்டும். ஆலங்கட்டியோ மணல் காற்றோ பயிரை அடித்த ஆண்டிலேயே பணம் வேண்டுமானால் அது தனிக் காப்பீட்டின் வேலை. ஸ்டாக்ஸை நம்பி அதைக் குறைத்து எடுத்தவர்கள், கவுண்டி நன்றாக விளைந்து தங்கள் வயல் மட்டும் போன ஆண்டில் வெறுங்கையோடு நிற்க நேரும்.

காகித வேலையில் கோளாறு வருவது பெரும்பாலும் நாட்களால். லப்பக் வட்டாரத்தில் காப்பீட்டுக்குக் கடைசி நாள் மார்ச் 15. எஃப்.எஸ்.ஏ. பதிவுக்கான நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025இல் அது ஏப்ரல் 15. மார்ச்சில் ஏஜென்ட் அலுவலகத்தில் ஸ்டாக்ஸ் எழுதியவர், ஏப்ரலில் எஃப்.எஸ்.ஏ. மேசையில் வழக்கம்போல எல்லா எண்களுக்கும் கையெழுத்துப் போடுவார். கெட்டது காரியம். இரண்டு இடத்துக்கும் ஒரே பண்ணை எண் பட்டியலை எடுத்துப் போய், எண்ணுக்கு நேரே 'ஸ்டாக்ஸ்' அல்லது 'பி.எல்.சி.' என்று எழுதி வைத்துக்கொள்வதைவிட நல்ல மருந்து இல்லை. ஜூலை 15க்குள் தரும் ஏக்கர் அறிக்கையிலும் அதே எண்கள் இருக்க வேண்டும்.

தேர்வும் பதிவும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. போன ஆண்டுத் தேர்வு தொடரலாம். ஆனால் பதிவு ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். பதியாவிட்டால் அந்த ஆண்டு மானியம் இல்லை. மண் அரிப்பு உறுதிமொழிக்கான ஏ.டி.-1026, வருமானச் சான்றுக்கான சி.சி.சி.-941 ஆகிய படிவங்கள் கோப்பில் இல்லாவிட்டாலும் பணம் நிற்கும்.

நிலம் வாரத்துக்கு எடுத்ததா, ரொக்கக் குத்தகையா என்பதும் முடிவை மாற்றும். மேற்கு டெக்சாஸில் நிலக்காரருக்கு நாலில் ஒரு பங்கு வாரம் என்பது பரவலான வழக்கம். வார நிலத்தில் பி.எல்.சி. பணத்திலும் அவருக்குப் பங்கு உண்டு, அவருடைய கையெழுத்தும் வேண்டும். ரொக்கக் குத்தகையில் முழுவதும் உழுபவருக்கு. டாலஸில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரர், பிரீமியம் இல்லாமல் வரும் பி.எல்.சி.யைத்தான் விரும்புவார். வறட்சிக்குப் பயப்படும் உழவருக்கு ஸ்டாக்ஸ் வேண்டும். இந்தப் பேச்சு ஜனவரியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

2026இல் புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறி ஒன்று: நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய பேஸ். 2019 முதல் 2023 வரை நட்ட சராசரி, இருக்கிற பேஸைவிட அதிகமான பண்ணைகளுக்கு அது கிடைக்கும். இதுவரை பேஸே இல்லாததால் கவலையில்லாமல் ஸ்டாக்ஸ் வாங்கிவந்த எண்ணில், இனி சில ஏக்கர் பருத்தி பேஸ் முளைத்திருக்கலாம். எஃப்.எஸ்.ஏ. கடிதம் நிலக்காரர் முகவரிக்குத்தான் போகும், உழுபவருக்கு அல்ல. அதனால் ஏஜென்டிடம் போகும் முன், ஒவ்வொரு எண்ணுக்கும் இப்போதைய பேஸ் எவ்வளவு என்று எஃப்.எஸ்.ஏ. மேசையில் புதிதாக ஒரு அச்சுப்பிரதி கேட்டு வாங்குங்கள். போன ஆண்டுத் தாள் உதவாது.